மருந்துக்கு ஏது அடுத்த வேளை

நீங்கள் மூன்று பேரும் திங்கட்கிழமை வந்து உட்காரப்போகும் நாற்காலிகளில் ஒன்றுக்குக் கால் ஆடும். ஜன்னலோரம் இருப்பது. வேலையை விடும்வரை அதில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். யாருக்கு அது கிடைத்தாலும் வருத்தப்படாதீர்கள், அந்த இடத்தில்தான் காற்று வரும்.

மேனேஜர் என்னை ஃபோனில் கூப்பிட்டு, "டைப்பக்கா, புதுசா மூணு பேரு வாராக. சாட்பாட்டுல என்னென்ன மக்கர் வரும், வந்தா என்ன செய்யணும்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றாள். நெட் போனால் எந்த ஒயரைப் பிடுங்கிச் சொருக வேண்டும், பக்கம் சுற்றிக்கொண்டே நின்றால் எதை அழுத்த வேண்டும் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிற தாளில் இருக்கிறது. அதை ஒட்டியவளே நான்தான். அதில் இல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன். அதை அன்றைக்கே ஒட்டியிருக்க வேண்டும், எனக்குத் தைரியம் வரவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பாளையம்பட்டிக்காரி. அருப்புக்கோட்டையில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பு மூடியதும் திருச்சுழிக்கு பஸ் ஏறி இந்த உழவர் கம்பெனி ஆபீசில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிக்கிறவள். இதைச் சொல்வது பெருமைக்கல்ல. எழுத்தில் ஒரு ஒற்று விட்டுப்போனாலும் எனக்குச் சோறு இறங்காது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தக் குணம்தான் காரணம்.

இங்கே வேலை என்ன என்று மேனேஜர் சொல்லியிருப்பாள். சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் ஃபோன் போடுவார்கள், சிலர் நேரே வருவார்கள். அவர்கள் கேட்பதை நாம் சாட்பாட்டில் டைப் செய்து, அது சொல்வதை அவர்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டும். பயிர்க் கேள்விக்காகத்தான் வைத்தார்கள். ஆனால் மாமியாரின் மூட்டுவலி முதல் மகளின் காலேஜ் அப்ளிகேஷன் வரை எல்லாம் வரும். முகம் சுளிக்காதீர்கள். கேட்க வேறு ஆளில்லாமல்தான் நம்மிடம் கேட்கிறார்கள்.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவளும் இதே மேனேஜர்தான், என்னைவிட இருபது வயது இளையவள். பேரை எழுதினால் திட்டுவாள், அதனால் எழுதவில்லை. சேர்ந்த முதல் மாதம் அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருப்பாள். எனக்கோ பின்னால் ஆள் நின்றால் விரல் தடுமாறும். எரிச்சலாக வரும்.

அந்த மாதத்தில் ஒருநாள் காலையில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். "தாயி, ஒரு மழ பேஞ்சிருக்கு. பருத்தி ஊனலாம்தானே, அதக் கேளு" என்றார். நானும் அப்படியே அடித்தேன். "ஆமாம், தாராளமாக ஊன்றலாம், மழைக்குப் பின் விதைப்பது நல்லது" என்று பதில் வந்தது. படித்துச் சொன்னேன். அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பின்னால் நின்றவள், "இருங்கய்யா" என்றாள். "யக்கா, அந்தத் 'தானே'ய எடுத்துட்டு இன்னொரு தடவ கேளுங்க."

எடுத்துவிட்டுக் கேட்டேன். இந்தத் தடவை அது ஆமாம் சொல்லவில்லை. மண்ணில் எவ்வளவு ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருக்கிறது என்று கேட்டது. பெரியவர் யோசித்தார். "ஒரு நாலு விரக்கட இருக்கும். அதுக்குங்கீழ புழுதிதான்" என்றார். அதைச் சொன்னதும், இன்னொரு மழைக்குக் காத்திருப்பது நல்லது, இந்த ஈரத்தில் முளைத்தாலும் காய்ந்துபோகலாம் என்றது.

"மொதல்ல சரின்னுச்சு, இப்ப வேணாங்குது. ஒரு பேச்சுல நிக்கமாட்டேங்குதே" என்று முனகிக்கொண்டே அவர் போனார். ஆனால் அந்த மழைக்கு அவர் ஊன்றவில்லை, காத்திருந்தார்.

"அது புதுசா வந்த மருமக மாதிரிக்கா" என்றாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தவள். "நீங்க எதுக்குத் தலையாட்டுறீகளோ அதுக்கு அதுவும் தலையாட்டும்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாம்பார் நல்லா இருக்குதானே என்று கேட்டால் எந்த வீட்டில் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்? அதுவரை இருந்த எரிச்சல் போய், அவள் பின்னால் நிற்பது எனக்கு அன்றிலிருந்து பிடித்துப்போனது.

அடுத்தது 'அவுக'. ஒரு பெண் வந்தாள். "பட்டா அவுக பேருல இருக்கு. அவுக திருப்பூருல இருக்காக. பயிர் இன்சூரன்ஸு தாளுல நான் கையெழுத்துப் போடலாமான்னு கேளுங்கக்கா." புருஷன் பேரைச் சொல்கிற வழக்கம் அவளுக்கில்லை. நான் அவுக என்பதை அவர்கள் என்று மட்டும் மாற்றி அடித்தேன். அவர்கள் அனைவரின் ஒப்புதலும் வேண்டும், மொத்தம் எத்தனை பேர் என்று அது கேட்டது. நான் யோசிக்காமல் அதை அப்படியே படித்துவிட்டேன்.

"எத்தன பேரா? ஒரே ஆளுதான் யக்கா! என்னயப் பாத்தா எப்படித் தெரியுது உங்க மிசினுக்கு?" என்றாள் அவள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

அன்றிலிருந்து நான் அவுக என்று வந்தால் கணவர் என்று அடிக்க ஆரம்பித்தேன். பதில் ஒழுங்காக வந்தது. 'தானே'யை எடுத்தால் நல்ல பதில், 'அவுக'வை மாற்றினால் நல்ல பதில். அப்படியென்றால் ஜனங்கள் பேசுவதைச் சுத்தம் செய்து கொடுப்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். சும்மாவே எனக்குத் தலைக்கனம், இதில் காரணமும் கிடைத்துவிட்டது. ஐந்து நிமிடம் ஒருவர் புலம்புவதை இரண்டு வரியாக, ஒற்றுப்பிழை இல்லாமல், பரீட்சைப் பேப்பர் போல அடித்துக் கொடுப்பேன். மேனேஜர்கூட ஒருமுறை, "நீங்க கேட்டா மட்டும் எப்படிக்கா டக்குனு பதில் வருது?" என்றாள். அன்றைக்கு பஸ்ஸில் வீடு போகிறவரை அந்த வாக்கியத்தை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

இனி சொல்லப்போவது மார்கழி மாதம் ஒரு மதியம் நடந்தது. பருத்திக்கு எல்லோரும் மருந்து அடித்துக்கொண்டிருந்த சமயம். மேனேஜர் ஒரு கூட்டத்துக்காக அருப்புக்கோட்டை போயிருந்தாள். ஆபீசில் நான் மட்டும். காலையிலிருந்து விடாமல் கேள்வி. கடைசியாக ஒரு பெண் தன் மாமியாரின் சர்க்கரை மாத்திரை பற்றிக் கேட்டுவிட்டுப் போனாள். அவள் போனதும் நான் புதுப் பக்கம் திறந்திருக்க வேண்டும். ஒரு ஆள் போய் அடுத்த ஆள் வந்தால் புதுப் பக்கம் என்பது உங்களுக்கும் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். பழைய பக்கத்திலேயே கேட்டால் முந்தைய ஆளின் கதையை அடுத்த ஆளின் தலையில் கட்டிவிடும். எனக்கு இது நன்றாகத் தெரியும். பசி, சாப்பாட்டு டப்பாவை எடுக்கிற அவசரம், திறக்கவில்லை.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. ஒரு பெண் குரல். பெயர் முத்துலெச்சுமி என்று பின்னால்தான் தெரியும்.

"யக்கா, இன்னைக்கு மருந்து அவுகளுக்கு ஒத்துக்கிடல போல. வெள்ளனப் போயி அடிச்சுட்டு வந்து உக்காந்தாக. வேர்த்து ஊத்துது. எச்சி எச்சியா வடியுது, துப்பித் துப்பிப் பாக்குறாக, நிக்கல. கண்ணு பூச்சியாப் பறக்குதுங்கிறாக. இப்படியே படுக்க விடவா, என்ன செய்ய?"

இன்னும் ஏதோ சொன்னாள். வீட்டு விஷயமாகப்பட்டது. நடுநடுவே அழுகையும் வந்தது.

என்ன மருந்து என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் பிறந்தவளுக்கு அதைச் சொல்லித்தரத் தேவையில்லை. உடம்புக்கு விழுங்குவது மாத்திரை, பயிருக்கு அடிப்பது மருந்து. மருந்து அடித்துவிட்டு வந்தவர்கள் தலை சுற்றுகிறது என்று உட்கார்வதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்குப் பெரிய பதட்டம் வரவில்லை. வழக்கம்போலச் சுத்தம் செய்தேன். எச்சில், துப்புவது போன்ற வார்த்தைகளை எழுத எனக்கு எப்போதும் கை கூசும், அவற்றை விட்டேன். வீட்டுக்கதை கேள்விக்கு வேண்டாதது, அதையும் விட்டேன். நான் அடித்தது இவ்வளவுதான்:

"கணவருக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. வியர்வையும் களைப்பும் உள்ளன. ஓய்வெடுக்கலாமா?"

'உள்ளது' என்று அடித்துவிட்டு, இரண்டு விஷயம் இருக்கிறதே என்று 'உள்ளன' எனத் திருத்தினேன். அந்த நேரத்தில் நான் திருத்தியது அது ஒன்றைத்தான்.

பதில் உடனே வந்தது. நான் ஃபோனில் படித்தேன். "மருந்து ஒத்துக்கொள்ளாதபோது இப்படி வியர்ப்பது உண்டாம் தாயி. கொஞ்சம் ஓய்வா படுக்கச் சொல்லு. சர்க்கரை கொறஞ்சிருக்கலாம், இனிப்புத் தண்ணி ஏதாச்சும் குடு."

"சரிக்கா" என்றாள். ஃபோனை வைத்துவிட்டாள்.

நான் டப்பாவைத் திறந்தேன். ஆனால் டைப் அடித்துப் பழகியவளுக்கு ஒரு பக்கத்தைக் கடைசி வரி வரை பார்க்காமல் நகர முடியாது. கண் தானாகத் திரைக்குப் போனது. அங்கே இருந்த அடுத்த வரி: "அடுத்த வேளை மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்."

பூச்சி மருந்துக்கு ஏது அடுத்த வேளை?

அந்த வரியை இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. நான் பேசிக்கொண்டிருந்தது ஒன்று, அது பேசிக்கொண்டிருந்தது வேறொன்று. அது மாத்திரையைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. மேலே மாமியாரின் சர்க்கரை மாத்திரை இருக்கிறது, கீழே நான் வெறும் மருந்து என்று எழுதியிருக்கிறேன். அது வேறு எதை நினைக்கும்? எனக்குத் தெரிந்ததால் அதற்கும் தெரியும் என்று நான் எண்ணிக்கொண்டேன். அங்கே ஒரு மனிதர் மேலெல்லாம் விஷத்தோடு, நான் சொன்னேன் என்று, சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்திருக்கிறார்.

திருப்பி ஃபோன் போட்டேன். அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டேன், எடுக்கவில்லை. என் செல்லை எடுத்து ஆம்புலன்சுக்கு அடித்தேன். அங்கே பேசியவர் நிதானமாக, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

எனக்கு ஊர் தெரியாது. ஊரைக் கேட்டுவிட்டுத்தான் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது இங்கே முதல் விதி. நான் கேட்கவில்லை. என்னிடம் இருந்தது ஒரு செல் நம்பர் மட்டும். "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் ஐயா" என்று சொல்லிக்கொண்டே ஆபீஸ் ஃபோனில் மூன்றாவது தடவையாக அவளுக்குப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எழுந்து தெருவுக்கு ஓடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. எங்கே ஓட? ஒரு காதில் ஆம்புலன்ஸ்காரர், இன்னொரு காதில் எடுக்காத ஃபோன். ஃபோன் இரண்டையும் ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, புதுப் பக்கத்தைத் திறந்தேன். அவள் பேசியதை அப்படியே அடித்தேன். வெள்ளனப் போயி பருத்திக்குப் பூச்சி மருந்து அடிச்சுட்டு வந்தாக, வேர்த்து ஊத்துது, எச்சி எச்சியா வடியுது, துப்பினாலும் நிக்கல, கண்ணு பூச்சியாப் பறக்குது. ஒற்றும் பார்க்கவில்லை, ஒன்றும் பார்க்கவில்லை. வாழ்நாளில் நான் அடித்ததிலேயே அசிங்கமான பக்கம் அதுதான்.

முதல் வரியிலேயே சொல்லிவிட்டது. பூச்சிக்கொல்லி உடம்பில் ஏறியிருக்கலாம், இது உயிருக்கு ஆபத்து, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றது. அதுவரை என்னென்ன செய்ய வேண்டும் என்றும் வரிசையாகச் சொன்னது. அதே மிசின், அதே நெட், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

நான்காவது தடவை எடுத்தாள்.

"யக்கா..."

"எந்த ஊரு? மொதல்ல ஊரச் சொல்லு!"

சொன்னாள். திருச்சுழிக்குக் கிழக்கே, நரிக்குடி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஊர். நான் அதை அப்படியே இன்னொரு ஃபோனில் கத்தினேன். வண்டி வேறொரு இடத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும், வேறு வண்டி இருந்தால் உடனே கிளப்பிக்கொண்டு எதிரே வாருங்கள் என்றார் அவர்.

"சீனித்தண்ணி கொண்டாரச் சொல்லிருக்கேன் யக்கா, மதினி கொண்டாராக" என்றாள் முத்துலெச்சுமி. நான் சொன்னதைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணும் குடுக்காத தாயி. நான் சொன்னது தப்பு. ஒண்ணும் வாயில ஊத்தாத. சட்டையையும் கைலியையும் கழட்டு. சோப்புப் போட்டு, தண்ணிய அள்ளி ஊத்திக் கழுவு. ஒருச்சாச்சுப் படுக்க வை. உன் கையையும் கழுவிக்க. மருந்து டப்பா எங்க கெடக்கு? அத ஒரு பையில போட்டு எடுத்துக்க, டாக்டருட்டக் காட்டணும். ஊருல என்ன வண்டி இருக்கு?"

"லோடு ஆட்டோ ஒண்ணு நிக்கிது."

"கெளப்பச் சொல்லு. போன வைக்காத."

அவள் ஃபோனை வைக்கவில்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தமும், யாரோ பெண்கள் பேசுகிற சத்தமும், கடைசியில் வண்டி கிளம்புகிற சத்தமும் கேட்டது. வழியில் ஆம்புலன்ஸ் எதிரே வந்து ஏற்றிக்கொண்டது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார். உயிருக்குப் பயமில்லை என்பதை அன்று சாயங்காலமே ஃபோனில் கேட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு அழுதேன்.

இந்தக் கதையை இந்த ஆபீசில் வேறு விதமாகச் சொல்வார்கள். டைப்பக்கா சமயோசிதமாக ஒரு உயிரைக் காப்பாற்றினாள் என்பார்கள். அப்படிச் சொல்லவிட்டவளும் நானே. மறுநாள் மேனேஜர் என்ன நடந்தது என்று கேட்டாள். "மிசின் தப்பாச் சொல்லிருச்சும்மா. நல்லவேள நான் பாத்தேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாட்பாட் பிழை என்று குறித்துக்கொண்டு, அதைத் தந்த கம்பெனிக்குப் புகாரும் அனுப்பினாள்.

உங்களுக்கும் இந்த ஆசை வரும், பார்த்துக்கொள்ளுங்கள். அதன் மேல் பழி போடுவது அவ்வளவு சுலபம். அது எதிர்த்துப் பேசாது. முகம் வாடாது. அதனிடமே போய், நீ தப்பாகச் சொன்னாய் என்று அடித்தால், மன்னிக்கவும் என்று அதுவே சொல்லிவிடும். நான் அதையும் செய்து பார்த்தேன். அது மன்னிப்புக் கேட்டது. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்தக் கம்பெனிக்காரர்கள் கேள்வியை அப்படியே அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். மேனேஜர் என்னிடம் சொன்னாள். "தேடி எடுக்கிறேன்" என்று நாளைக் கடத்தினேன். தேட ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் கண்ணெதிரே இருந்தது.

பொங்கல் கழிந்து ஒருநாள் காலையில் முத்துலெச்சுமி வந்தாள். கூடவே அவளுடைய 'அவுக'. மெலிந்திருந்தார், தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது. கையில் ஒரு மஞ்சப்பை, அதில் பச்சை மொச்சைக்காய். மேஜை மேல் வைத்தார். நான் வேண்டாம் என்றதும், "எங்க புஞ்சையில காச்சதுக்கா. இதுல மருந்து இல்ல" என்று சிரித்தார். பேச்சில் நல்ல வாட்டம் இருந்தாலும் கண்ணில் குறும்பு இருந்தது.

"மிசினு என்னயச் சாகச் சொன்னுச்சாமே. அதக் கொஞ்சம் காட்டுங்கக்கா. பாத்துட்டுப் போறேன்" என்றார். பத்து வரைக்கும் படித்தவர், வாசிக்கத் தெரியும்.

மேனேஜர் அடுத்த மேஜையில் இருந்தாள். மறைக்க வழியில்லை. பக்கத்தைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். "கணவருக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. வியர்வையும் களைப்பும் உள்ளன. ஓய்வெடுக்கலாமா?"

வாசித்துவிட்டு முத்துலெச்சுமியைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். மிசின் சொன்ன பதிலுக்கு அவர் போகவே இல்லை.

"யக்கா, இதுல இவ இல்லையே" என்றார்.

குற்றம் சொல்கிற தொனியே இல்லை. காணாத பொருளைத் தேடுகிறவர் போலத்தான் கேட்டார். "இவ ஒரு நாளும் கணவருன்னு சொன்னதில்ல. களைப்புன்னும் சொல்லமாட்டா. இவளுக்கு ரெண்டு வரியில பேசவும் தெரியாதே."

"சும்மா இருங்க" என்று முத்துலெச்சுமி அவர் தோளில் இடித்தாள். "அக்கா அவசரத்துல அடிச்சாக. அவுக இல்லாட்டி நீங்க இருக்க மாட்டீக."

எனக்குப் பரிந்து பேசினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் வயதுக்கு நான் பலரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒருவரிடமும் வாய் திறந்து ஒப்புக்கொண்டதில்லை. அன்றைக்கு மேனேஜருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "மிசின் தப்பு இல்ல தம்பி. இவ சரியாத்தான் சொன்னா. எல்லாத்தையும் சொன்னா. நான்தான் மாத்தி அடிச்சேன். எச்சின்னு எழுத எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்."

மேனேஜர் எழுந்து வந்து, பழைய நாட்கள் போல என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். திட்டப்போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் கை என் தோள் மேல் விழுந்தது.

"அன்னைக்கு இவுக பேசுனத முழுசா அடிங்கக்கா. அந்தக் கம்பெனிக்கு அனுப்புன புகார வாபஸ் வாங்கிட்டு இத அனுப்புவோம்" என்றாள். பிறகு முத்துலெச்சுமியிடம், "உங்களுக்கு ஞாபகம் இருக்கா? ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றாள்.

முத்துலெச்சுமி சொல்லச் சொல்ல நான் அடித்தேன். வெள்ளனப் போனது, எச்சி வடிந்தது, கண் பறந்தது. அதோடு நிறுத்திவிட்டாள். "அம்புட்டுத்தான்" என்றாள். முகம் சிவந்துபோயிருந்தது.

அம்புட்டுத்தான் இல்லை என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கதை என்று நான் தள்ளிய பாதி என் காதிலேயே இருந்தது. ராத்திரிகளில் அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அவளைக் கேட்காமல் நானே மீதியையும் அடித்தேன். அவள் வாயிலிருந்து வந்தபடி, ஓர் எழுத்து மாற்றாமல் அடித்தேன்.

"இவுக பகல்ல படுக்குற ஆளே இல்ல யக்கா. காய்ச்ச வந்தாலும் எந்திரிச்சுப் போயிருவாக. இன்னைக்கு என் மடியில தலைய வச்சுப் படுத்துக்கிட்டு, கையப் பிடிச்சுக்கிட்டு, விடமாட்டேங்கிறாக. எனக்குப் பயமா இருக்கு."

பிள்ளைகளா, மருந்துப் பேரைவிட, எச்சிலைவிட, நிலைமையைச் சொன்னது இந்த வார்த்தைகள்தான். இப்படிப்பட்ட ஆள் படுத்துவிட்டார் என்றால் அது சாதாரணத் தலைசுற்றல் இல்லை என்று மிசினுக்குத் தெரிந்திருக்கும். மிசினை விடுங்கள், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாளைக்கு ஃபோன் எடுக்கும்போது 'தானே'யை எடுத்துவிட்டுக் கேளுங்கள், அது நாம் கேட்கிற முறை. ஆனால் சொல்ல வந்தவர்கள் சொன்ன சொல்லில் கை வைக்காதீர்கள். அழுகிறவள் வீட்டுக்கதை பேசினால் அதையும் அடியுங்கள்.

அவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் அதை வாசித்தார். இந்தத் தடவை சத்தமில்லாமல். முடிந்ததும் மேலே போய்த் திரும்பவும் வாசித்தார்.

"நான் உன் கையப் பிடிச்சேனா?" என்று கேட்டார். அவருக்கு அது ஞாபகத்தில் இல்லை.

"பிடிச்சீகளாவா? போன சார்ஜுல போட்டுட்டு வந்து உக்காந்தேன். அது அடிச்சுக்கிட்டே கெடக்கு, எந்திரிக்க விட்டீகளா என்னய? மதினி வந்துதான் எடுத்துக் குடுத்தாக."

அவர் அவள் பக்கம் பார்க்கவில்லை. என்னிடம் திரும்பி, "இத ஒரு தாளுல எடுத்துத் தாங்கக்கா" என்றார்.

"தாள வச்சு என்ன செய்யப் போறீக?" என்றாள் முத்துலெச்சுமி.

"கெடக்கட்டும்" என்றார். பிரிண்டரிலிருந்து தாள் வரும்வரை நின்று, வந்ததும் சூட்டோடு நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.